பயறு போன இடம்

சென்ற வருஷம் மூன்று மாத காலம் சிங்கப்பூரில் என் பெண் வீட்டில் இருந்தேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். "பிரசவத்துக்கு வந்தால் போதும், அம்மா! இப்போதே எதற்கு?" என்று போனில் சொன்னாள். நான் கேட்கவில்லை. முதல் பிரசவத்தின்போது அவள் வெளிறிப் போய்க் கிடந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை வாய்க்கு வேண்டியதைச் செய்து போட்டு, உடம்பைத் தேற்றிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய அன்றைக்கே நிலைமை தெரிந்துவிட்டது. பருப்பு வேகிற வாசனை வந்தால் போதும், அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஆகவே, சாம்பார் கிடையாது, கூட்டு கிடையாது, ரசத்தில்கூடப் பருப்புத் தண்ணீர் கூடாது. முட்டை, மாமிசம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பால் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள்.

"பின்னே எதைத்தானடி சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். அடுக்கடுக்காய்ப் பாக்கெட்டுகள். ஒன்றைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். மெல்லிய வெள்ளை இழைகள். சுற்றி முடிந்து கட்டியிருந்தது.

"இது என்ன, கிழவியின் கொண்டை மாதிரி இருக்கிறது?"

"பயறு சேமியா, அம்மா! சீனக்காரர்கள் பண்டம். இங்கே 'தங் ஹூன்' என்பார்கள். கோதுமை இல்லை, அரிசி இல்லை. முழுக்க முழுக்கப் பச்சைப் பயறு! பருப்புக்குப் பதிலாக ராத்திரி இதைத்தான் சாப்பிடுகிறேன். வாசனையே கிடையாது!"

ஒரு கட்டை வெந்நீரில் போட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. வெள்ளை மறைந்து, ஜவ்வரிசி வெந்தால் எப்படிப் பளபளவென்று ஆகுமோ, அப்படி ஆகிவிட்டது. பாத்திரத்தின் அடி இழைகளுக்கு ஊடே தெரிந்தது. வாயில் போட்டேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கெடுதலும் இல்லை. என் நாலு வயதுப் பேரனோ அதற்குக் 'கண்ணாடி' என்று பேர் வைத்து, ஒவ்வோர் இழையாக உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

எனக்கு ஒரே சந்தோஷம். பச்சைப் பயறு என்றால் சத்து அல்லவா? சத்தை இப்படி நூலாக நூற்று வைத்திருக்கிறார்களே என்று அந்தச் சீனக்காரர்களை மெச்சினேன். அன்று மாலையே சென்னையில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. "பயற்றிலேயே சேமியா இருக்கிறதடி! அத்திம்பேருக்குப் பேஷாகக் கொடுக்கலாம். அங்கே கிடைக்கிறதா பார்" என்று பெரிய வைத்தியர் மாதிரி சொல்லி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். எடை ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டரம்மாள் விசாரித்தார். என் பெண் பெருமையோடு பயறு சேமியாவைச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தீர்களா?" என்று மாத்திரம் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. மாவுச் சத்து 86 கிராம். புரதம்: பூஜ்யம்!

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். 100 கிராம் பச்சைப் பயற்றில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. அவ்வளவும் எங்கே போய்விடும்? வேறு பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் 0.2 கிராம், மற்றொன்றில் அதுவும் இல்லை. அத்தனை நாளும் என் பெண் பருப்பு என்று நம்பிச் சாப்பிட்டது வெறும் கஞ்சிப் பசை!

பயறு போன இடத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். அதற்காக நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சநஞ்சமல்ல. வட சீனத்தில் ஷான்டுங் என்று ஒரு மாகாணம், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கேதான் இந்தச் சேமியாவுக்குத் தலைநகர். 'லோங்கோ சேமியா' என்றால் உலகமெங்கும் பிரசித்தம். லோங்கோ என்பது துறைமுகத்தின் பெயர். 'டிராகன் வாய்' என்று அர்த்தமாம். ஆனால் சேமியா அதிகமாய் உற்பத்தியாவது பக்கத்திலுள்ள ஜாவ்யுவானில். அங்கிருந்து லோங்கோவுக்கு வந்து, கப்பலேறி ஹாங்காங்குக்கும் தென்கிழக்கு நாடுகளுக்கும் போயிற்று. போகிற இடத்தில் கப்பலேறிய ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. சேலத்து மாம்பழம் என்று விற்பதெல்லாம் சேலம் டவுனிலா காய்க்கிறது?

அவர்கள் செய்கிற விதத்தைக் கேளுங்கள். பயற்றை ஊறவைத்து, தண்ணீர் விட்டு அரைத்து, தோலையும் திப்பியையும் வடிகட்டிவிடுகிறார்கள். இதுவரைக்கும் நாம் செய்கிற காரியந்தான். அதற்கு மேல்தான் சூட்சுமம். முந்தின தடவை புளித்து எடுத்துவைத்த நீரை இந்தப் பாலில் கலக்கிறார்கள், நாம் பாலுக்கு உறைமோர் குத்துகிற மாதிரி. மோரில் இருக்கிற ஜாதி நுண்ணுயிர்களே அந்தப் புளித்த நீரிலும் இருக்கின்றன. அவை வேலை செய்ய ஆரம்பித்ததும் மாவுச் சத்து திரண்டு கீழே படிந்துவிடுகிறது. புரதமோ மேலே நிற்கிற மங்கல் நீரோடு தங்கிவிடுகிறது. மேல் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய மாவை மறுபடி அலசி, மறுபடி படியவிட்டு, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைவெளேரென்று ஆக்குகிறார்கள்.

அந்த இறுத்த நீரும் திப்பியும் அந்தக் காலத்தில் பன்றித் தொட்டிக்குப் போயின. பயற்றின் போஷாக்கைப் பன்றி சாப்பிட்டது. கண்ணாடி நூலை மனிதர் சாப்பிட்டார். இப்போது ஆலைக்காரர்கள் விழித்துக்கொண்டுவிட்டார்கள். ஜாவ்யுவானில் சேமியாவுக்குப் பட்டாணியும் உபயோகிக்கிறார்கள். அந்தப் பட்டாணியின் புரதத்தைத் தனியே பிரித்துப் பொடியாக்கி, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரே பருப்பின் மாவு ஒரு பாக்கெட்டில், புரதம் இன்னொரு டப்பாவில்! இரண்டையும் விலை கொடுத்து வாங்கி வயிற்றுக்குள் சேர்த்து வைப்பதற்கு நாம் இருக்கிறோம்.

சரி, புரதம் போகட்டும். இழை எப்படி வருகிறது? மாவில் கொஞ்சத்தை எடுத்துக் கொதிநீரில் கிளறிக் களியாக்கி, மீதி மாவை அதில் போட்டுப் பிசைகிறார்கள். அடியில் துளையிட்ட கரண்டியில் அதை வைத்து, கொதிக்கிற அண்டாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு, கையால் தட்டத் தட்ட, இழை இழையாக வெந்நீரில் இறங்கும். நம் சேவை நாழியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததை உடனே குளிர்ந்த நீரில் போட்டு, கழியில் தொங்கவிடுவார்கள். முன்காலத்தில் மார்கழிக் குளிரில் ராத்திரி முழுவதும் அப்படியே விட்டால் உறைந்து கட்டியாகிவிடும். பிறகு உருகும்போது ஒட்டிக்கொண்டிருந்த இழைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அப்புறம் வெயிலில் காயவேண்டியதுதான். 'தங் ஹூன்' என்ற பெயரில் 'தங்' என்றால் குளிர்காலம். 'ஹூன்' என்றால் மாவு. தொழிலுக்கேற்ற பெயர்தான். இப்போது எல்லாவற்றுக்கும் யந்திரமும் குளிர்சாதன அறையும் வந்துவிட்டன.

மற்ற மாவில் இது இவ்வளவு சுலபமாய் வராததற்குக் காரணம் இருக்கிறது. மாவுச் சத்தில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று நேர்ச் சங்கிலி. மற்றொன்று கிளை கிளையாகப் பிரிந்தது. பச்சைப் பயற்றில் நேர்ச் சங்கிலி அதிகம். சுமார் மூன்றில் ஒரு பங்கு. வெந்து ஆறும்போது இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று அணைந்து இறுகிவிடுகின்றன. அதனால்தான் எவ்வளவு கொதித்தாலும் குழையாமல் ரப்பர் மாதிரி நிற்கிறது. ஜீரணமும் வெள்ளை அரிசிச் சாதத்தைவிட நிதானமாகத்தான் ஆகும். ஆகவே சர்க்கரை வியாதிக்காரர் விஷயத்தில் நான் தங்கைக்குச் சொன்னது முழுப் பொய் ஆகிவிடவில்லை. என்றாலும் மாவு மாவுதான். கட்டுக் கட்டாய்ச் சாப்பிட்டால் எதுவும் காப்பாற்றாது.

இன்னொரு சமாசாரம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பச்சைப் பயறு சீனத்துச் சரக்கே அல்ல. ஆதியில் நம் பாரத நாட்டில் பயிரானது! எப்போதோ சீனம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆயிரம் வருஷங்களுக்கு முன், ஸுங் வம்சத்தில் ஜென்ஸுங் என்று ஒரு சக்கரவர்த்தி. அவர் 997 முதல் 1022 வரையில் ஆண்டவர். இந்தியாவில் விளையும் பயறு நிறையக் காய்க்கும், மணியும் பெரியது என்று கேள்விப்பட்டு, விலையுயர்ந்த பொருள்களோடு ஆளனுப்பி விதை தருவித்தாராம். அந்தக் காலத்துப் பிக்ஷு ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். நாம் கொடுத்த விதையை அவர்கள் நூலாக்கி நமக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், புரதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு!

துளை வழியாக மாவை இழையாக்கும் வித்தை அதற்கும் பழையது. ஜியா ஸுஷியே என்பவர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய விவசாய நூலிலேயே வருகிறது. மாட்டுக் கொம்பில் ஒரு துண்டை அறுத்து, அதில் ஆறேழு சிறு துளை போட்டு, பிசைந்த மாவை அதன் வழியே கொதிநீரில் விழச் செய்யவேண்டும் என்று பக்குவம் சொல்லியிருக்கிறார். நம் வீட்டு அச்சில் துளை அடைத்துக்கொண்டால் அலுத்துக்கொள்கிறோமே, மாட்டுக் கொம்பை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சீன பாஷையில் இதற்குப் பொதுப் பெயர் 'ஃபென்ஸு'. மாவுப் பட்டிழை என்று பொருள். ஒரு வேடிக்கை. சினிமா ரசிகர்களுக்கு ஆங்கிலத்தில் 'ஃபான்ஸ்' என்கிறார்கள் அல்லவா? அந்த ஒலிக்கு இந்த வார்த்தைதான் கிட்டத்தில் வந்ததால், இந்தக் காலத்துச் சீன வாலிபர்கள் ரசிகர்களையே 'ஃபென்ஸு' என்று அழைக்கிறார்கள். நட்சத்திரம் வெளியே வந்தால் ஆயிரக்கணக்கான சேமியாக்கள் கூடிவிடும்!

இவ்வளவும் படித்தானபிறகு எதிர் வீட்டுச் சீன அம்மாளிடம் போனேன். எழுபது வயது இருக்கும். என் பெண் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று அவரிடம் உயிராக இருக்கிறாள். எனக்கு அரைகுறை இங்கிலீஷ், அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ். மீதியைக் கையும் தலையும் பார்த்துக்கொண்டன.

"உங்கள் பெண் இதைத் தனியாகவா சாப்பிட்டாள்?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "தங் ஹூனை யார் தனியாகச் சாப்பிடுவார்கள்? அது தண்ணீர் மாதிரி. எதோடு போட்டாயோ அதன் ருசி."

அவர் சொன்னது எவ்வளவு வாஸ்தவம் என்று அப்புறம்தான் புரிந்தது. சீனச் சமையலில் இந்த இழை ஒருநாளும் ஒண்டியாக இலைக்கு வருவதில்லை. ஸெச்வான் பக்கத்தில் கொத்திய மாமிசத்தோடு வதக்குகிறார்கள். இழையில் ஒட்டிக்கொண்டிருக்கிற பொடித் துணுக்குகளைப் பார்த்து, 'மரமேறும் எறும்புகள்' என்று பெயர். தாய்லாந்துக்காரர்கள் எலுமிச்சம்பழம், மிளகாய், இறால் சேர்த்துப் பச்சடியாகப் பிசைகிறார்கள். ஹாங்காங்கில் சுறாமீன் துடுப்பு சூப் என்பது பணக்காரர் பண்டம். அதற்கு வழியில்லாத ஜனங்களுக்காக, துடுப்பு இழைகளுக்குப் பதில் இந்த இழைகளைப் போட்டுத் தெருவில் சின்னக் கிண்ணங்களில் விற்றார்கள். பார்வைக்கு அசல் துடுப்பேதான். இப்போது அந்தப் போலி சூப்புக்கென்றே தனி மவுசு இருக்கிறது, சுறாவும் பிழைத்துக்கொள்கிறது.

எனக்குப் பிடித்தது புத்த மடங்களின் சமையல். 'லோ ஹான் ஜாய்' என்பார்கள். அர்ஹத்துகளின் பெயரால் வழங்கும் சைவ பதார்த்தம். வெங்காயம், பூண்டு கூடாது. சீன வருஷப் பிறப்பன்று மாமிசம் தவிர்க்கிற வீடுகளிலும் இதைச் செய்கிறார்கள். முட்டைக்கோஸ், காரட், இரண்டு தினுசுக் காளான், டோஃபு, இந்த இழை. டோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்துக் கட்டியது; புரதம் நிறைந்தது. அதாவது, புளித்த நீரில் கைவிட்ட சத்தை வேறு வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மாமிசமோ, இறாலோ, டோஃபுவோ, ஏதாவது ஒன்று எப்போதும் கூட இருக்கிறது. அந்த அம்மாளுக்குப் புரதக் கணக்கு தெரியாது. ஆனால் மாமியார் செய்தபடி செய்தார். கணக்குச் சரியாகவே வந்தது. சீனத்துப் பண்டத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன் துணையை விட்டுவிட்டது எங்கள் பிசகு.

அவரே எங்களுக்கு வாங்கவும் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருப்பதெல்லாம் பயறு அல்ல. கொரியாவில் சர்க்கரை வள்ளிக் கிழங்கு மாவில் செய்கிறார்கள். ஜப்பானியர் பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவில் செய்து, 'வசந்த மழை' என்று கவித்துவமாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவையெல்லாம் யோக்கியமான சரக்கு. தன் பெயரைத் தானே சொல்கிறது. பயறு என்று பொய் சொல்லி விற்பதுதான் ஆபத்து. 2004-இல் ஷான்டுங்கிலேயே சில ஆலைகள் மலிவான மக்காச்சோள மாவைப் போட்டு, பயற்றின் பளபளப்பு வரவேண்டும் என்று உணவில் சேர்க்கத்தகாத இரசாயனங்களைக் கலந்தது அம்பலமாகி, பெரிய கலவரமாகிவிட்டது. 2006-இலும் வெளுப்பு மருந்து கலந்த சரக்கு அகப்பட்டது. லோங்கோ என்ற பெயருக்குச் சீன சர்க்கார் 2002-இலேயே சட்டப் பாதுகாப்புக் கொடுத்திருந்தும் இந்த அக்கிரமம்! ஆகவே பாக்கெட்டில் என்ன மாவு என்று படியுங்கள். பயறு, அல்லது பயறும் பட்டாணியும் என்றிருந்தால் சரி. கொதிநீரில் போட்டதும் கரைந்து கொழகொழத்தால், அந்தக் கடைக்கு மறுபடி போகவேண்டாம்.

அன்று ராத்திரியே லோ ஹான் ஜாய் செய்தோம். செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சிறு கட்டு இரண்டு பேருக்குக் காணும். வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறினால் போதும். காய்களும் டோஃபுவும் வெந்து, உப்பும் சோயா சாஸும் சேர்ந்தபிறகு, கடைசியில் போடவேண்டும். முன்னாடியே போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனீர்களானால், குழம்பு முழுவதையும் குடித்துவிட்டு நிற்கும். உலர்ந்த இழையைக் காய்ந்த எண்ணெயில் போட்டால், வடாம் மாதிரி ஒரு நொடியில் பொரிந்து பூத்துவிடும். பேரன் அதற்குப் 'பஞ்சு' என்று வேறு பெயர் வைத்தான்.

பெண்ணின் ஆகாரத்துக்கும் வழி கிடைத்தது. பருப்பு கொதிக்கிற வாசனைதானே ஆகவில்லை? பயற்றை முளைகட்டி, இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்துத் தோசை வார்த்துப் போட்டேன். முதல் நாள் சந்தேகமாய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் தானாகவே கேட்டாள். ராத்திரி டோஃபு போட்ட கண்ணாடிச் சேமியாவை நிறுத்தவில்லை. மாத்திரைகள், பரிசோதனை எல்லாம் டாக்டரம்மாள் சொன்னபடி. அடுத்த மாதம் எடை போட்டபோது முள் நகர்ந்திருந்தது. பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை தாயின் முகத்தில் ரத்தம் இருந்தது.

இதற்குள் தங்கையிடம் என் வார்த்தையைத் திருத்தியாக வேண்டுமே! போன் செய்து, "அடியே, அது பருப்பு இல்லையடி, சாதக் கணக்கில் சேர்த்துக்கொள். அத்திம்பேருக்குக் கொஞ்சமாகப் போடு, கூடப் பயறோ சுண்டலோ இருக்கட்டும்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், அக்கா," என்றாள் கடைசியில். "இந்த நாசமாய்ப் போன கட்டை எப்படி உடைக்கிறது? நேற்றுக் கத்தியால் ஒரு போடு போட்டேன். அடுப்படி முழுக்கத் தெறித்துவிட்டது. இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்!"

காகிதப் பைக்குள் வைத்துக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும் என்று அந்தச் சீன அம்மாள் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். அதை நான் தங்கைக்குச் சொல்ல மறந்துபோனேன்.